மழுங்கிய கார்பைடு டிப்பும் ஒரு தட்டுத் தண்ணீரும்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தென்னங்கட்டையின் மேல் உளியை வைத்ததும் தூளுக்குப் பதில் சீவல் வந்தது. மழுங்கிய உளி தூளைத்தான் கக்கும். லேத்தை நிறுத்திவிட்டு அதை உள்ளங்கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். உளியில் இருந்தது ஒன்றரை வருஷத்துப் பழைய வட்ட டிப்பு, அதாவது உளியின் நுனியில் மாட்டுகிற கார்பைடு என்ற கடினமான பொருளாலான வெட்டும் துண்டு. இனி உதவாது என்று மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்ததை எடுத்து நானே தீட்டி மாட்டியிருந்தேன். இதற்கு முன் மூன்று விதமாக முயன்று மூன்றும் தப்பாகப் போயின. அதில் ஒன்று உடம்புக்கே கேடு செய்யும் தப்பு. கார்பைடு டிப்பு வைத்துக் கடைசல் வேலை செய்கிற வேறு யாரும் அதைத் திரும்பச் செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் பேராவூரணிக்குத் தெற்கே, கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது எங்கள் தோப்பில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. சுற்று வட்டாரம் முழுக்க அதே நிலைமை என்பதால் மரத்தை வாங்க ஆளில்லை. நான் பதினோரு மரங்களின் அடித்தண்டை மட்டும் 3 அடித் துண்டுகளாக அறுத்து, பலகையாகப் பிளந்து, சிமென்ட் ஷீட் கொட்டகையில் காற்று போகிற மாதிரி இடைவெளி விட்டு அடுக்கினேன். மற்ற மரங்களுக்கு வைரம் என்கிற கெட்டிப் பகுதி உள்ளே இருக்கும். தென்னைக்கும் பனைக்கும் அது வெளியே. புறக்காழ் உள்ளது புல், அகக்காழ் உள்ளது மரம் என்று பழைய இலக்கணம் பிரித்தது கடைசல்காரனுக்கும் பொருந்தும். அடித்தண்டில் அந்தப் புறவைரம் 2 அங்குலத்துக்கு மேல் கிடைத்தது. ஆழம் குறைந்த கிண்ணம், குங்குமச் சிமிழ், பூரிக்கட்டை இதற்கெல்லாம் அது போதும். கருஞ்சிவப்புக் கோடுகளோடு மெருகேறிய பிறகு பார்க்க அவ்வளவு அழகு.

ஆனால் அந்த வைரம் உளியைத் தின்கிறது. தென்னையில் சிலிக்கா உண்டு, நாரும் இரும்புக்கம்பி மாதிரி. ஹெச்எஸ்எஸ் என்கிற கெட்டி எஃகு உளியில் ஒரு கிண்ணம் முடிக்க எட்டு ஒன்பது முறை சாணைக்குப் போக வேண்டியிருந்தது. அதனால்தான் கார்பைடுக்கு மாறினேன். 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பியின் நுனியில் இருக்கை வெட்டி, எம்4 ஸ்க்ரூவால் டிப்பு மாட்டுகிற உளி இரண்டு: ஒன்றில் 15 மில்லிமீட்டர் சதுர டிப்பு, இன்னொன்றில் 16 மில்லிமீட்டர் வட்ட டிப்பு. கைப்பிடி இரண்டையும் பூவரசில் நானே கடைந்தேன். இவை போக, கம்பியின் நுனியில் கார்பைடுத் துண்டைப் பற்ற வைத்த பழைய உளி ஒன்றும் இருந்தது. ஊரில் ஒரு வெல்டர் செய்து கொடுத்தது.

சதுர டிப்புக்கு நான்கு பக்கம் இருப்பதால் ஒன்று மழுங்கினால் ஸ்க்ரூவைத் தளர்த்தித் திருப்பிக்கொள்ளலாம். வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றலாம். எந்த இடத்தில் ஆரம்பித்தோம் என்பது மறந்துபோகும். அதற்கு அடிப்பக்கம் மார்க்கரில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டேன். எல்லாப் பக்கமும் தீர்ந்தபின் புது டிப்பு. ஒன்று 380 ரூபாயிலிருந்து 450 வரை. ஒன்றரை வருஷத்தில் டப்பாவில் ஏழு டிப்பு சேர்ந்துவிட்டது. கிண்ணம் விற்றால் கைக்கு வருவது 300, 350. கணக்கு இடித்தது. தீட்டிப் பார்க்கலாம் என்று இறங்கினேன்.

முதலில் கையில் இருந்ததை வைத்தே முயன்றேன். 6 அங்குல பெஞ்ச் கிரைண்டர், 2850 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு அத்தனை சுற்று), கூடவே வந்த சாம்பல் நிறக் கல். அந்த வெல்டர் செய்த உளியை அதில் காட்டினேன். சாம்பல் கல் அலுமினியம் ஆக்சைடு; இரும்புக்குத்தான் அது சரி. கார்பைடை அது அறுக்காது, மேலே உரசி உரசிச் சூடாக்கும், அவ்வளவுதான். ஐந்து நிமிஷத்தில் கல்லில் பள்ளம் விழுந்தது, டிப்புக்குக் கீழே இருந்த இரும்பு தேய்ந்தது, டிப்பு அப்படியே இருந்தது. கை பொறுக்காத சூடு. இரும்பு உளியை வழக்கமாகச் செய்வதுபோல் பக்கத்து வாளித் தண்ணீரில் முக்கினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். துடைத்துப் பார்த்தால் டிப்பின் குறுக்கே மயிரிழை விரிசல். கார்பைடு திடீர்க் குளிர்ச்சியைத் தாங்காது. சூடேறிவிட்டால் தானாக ஆறும்வரை விட வேண்டும், தண்ணீர் காட்டவே கூடாது. விரிசல் விட்ட டிப்பை லேத்தில் வைத்தால் சுற்றுகிற கட்டை அதைப் பிடுங்கி முகத்தில் எறியும். அந்த உளியை அன்றே ஓரம் வைத்துவிட்டேன்.

சதுர டிப்பு ஒன்றைக் கட்டிங் பிளேயரில் பிடித்து அதே கல்லில் காட்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நொடிதான். கல் அதைப் பறித்துச் சுவரில் அடித்தது. காரையில் அரை அங்குலக் குழி. கண்ணாடி போட்டிருந்தேன் என்றாலும், அந்தக் குழியைப் பார்த்த பிறகு சின்னத் துண்டு எதையும் பிளேயரில் பிடித்து கிரைண்டரில் காட்டியதில்லை.

அடுத்து பச்சைக் கல். சிலிக்கான் கார்பைடால் ஆனது, கார்பைடை அறுக்கும் என்று கடையில் சொன்னார்கள், உண்மைதான். 520 ரூபாய் கொடுத்து வாங்கி, டிப்பை ஒரு கம்பி நுனியில் ஸ்க்ரூ போட்டு மாட்டி, சரிவை, அதாவது விளிம்புக்குக் கீழே சாய்ந்து இறங்கும் பக்கத்தை, தீட்டினேன். அறுத்தது. வாய்க்கு ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு சாயங்காலம் மூன்று டிப்பு தீட்டினேன். விளிம்பு பல்பல்லாக இருந்தாலும் ஏதோ வெட்டியது. கொட்டகை ஜன்னல் கட்டையில் கறுப்புச் சாம்பல் மாதிரி ஒரு படலம் படிந்தது. அவிழ்த்த துண்டின் உள்பக்கத்திலும் அதே கறுப்பு. அதைப் பார்த்தும் அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மோட்டார் புல்லி ஒன்றைத் துளை பெருக்கப் பட்டுக்கோட்டை போனபோது, லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டார்.

"தண்ணி விட்டுத்தான தீட்டின?"

"இல்லண்ணே. காய்ஞ்சதுதான். துண்டு கட்டிக்கிட்டேன்."

"துண்டு என்னத்தப் பிடிக்கும்? தம்பி, மரத்தூளுக்குத் தும்மலாவது வரும். இது போறதே தெரியாது. நான் வேலை கத்துக்கிட்ட இடத்துல முதலாளி இருபது வருஷம் டூல் பிட்டக் காயக் காயத் தீட்டினாரு. கடைசியில நாலு படி ஏறினா நின்னு மூச்சு வாங்குவாரு. அந்தக் கல்ல இன்னைக்கே கழட்டு."

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். டிப்பு முழுக்க டங்ஸ்டன் கார்பைடு கிடையாது. அந்தப் பொடியை ஒட்டி வைக்கும் பசை கோபால்ட் என்ற உலோகம். நூற்றுக்கு ஆறிலிருந்து பத்துப் பங்கு வரை இருக்கும். இரண்டும் சேர்ந்த நுண்தூசி நுரையீரலுக்குள் போனால் தழும்பேறி மூச்சு குறைகிற நோய் வரும். ஹார்ட் மெட்டல் நோய் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. ஆஸ்துமாவும் தோல் ஒவ்வாமையும் வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2006-ல் வெளியிட்ட தொகுப்பில், கோபால்ட் கலந்த டங்ஸ்டன் கார்பைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு அதிகம் என்ற 2ஏ வகையில் சேர்த்திருக்கிறது. இரண்டு சாயங்காலத்தில் ஒன்றும் ஆகிவிடாது என்று டாக்டர் சொன்னார். இருந்தாலும் என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேராக ஓடி வருவது அந்தக் கொட்டகைக்குத்தான். அவள் உட்காரும் முக்காலியின் மேலும் அந்தக் கறுப்பு இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

மறுநாள் முழுக்கச் சுத்தம் செய்தேன். பெருக்கினாலும் புளோவர் அடித்தாலும் தூசி மறுபடி காற்றில் ஏறும் என்பதால் துடைப்பத்தைத் தொடவில்லை. என்95 மாஸ்க், கையுறை போட்டுக்கொண்டு, பழைய வேட்டியைக் கிழித்து நனைத்து, ஜன்னலிலிருந்து தரைவரை மூன்று முறை துடைத்தேன். துடைத்த துணிகளை ஈரத்தோடு கவரில் போட்டுக் கட்டினேன். பச்சைக் கல்லையும் கழற்றிவிட்டேன்.

மூன்றாவது வழியை அந்த அண்ணனே சொன்னார்: டைமண்ட் பிளேட் (வைரத்துகள் ஒட்டிய இரும்புத் தகடு), தண்ணீர், கை. மோட்டாரே வேண்டாம். 400, 600, 1000 கிரிட் (எண் கூடக் கூடத் துகள் நைஸ்) மூன்று பிளேட், ஒவ்வொன்றும் 6 அங்குல நீளம், 2 அங்குல அகலம், மூன்றும் சேர்ந்து 960 ரூபாய். ஆனால் எதைத் தேய்ப்பது என்பதில் மறுபடி தப்புச் செய்தேன். இரும்பு உளிக்குச் சரிவைத்தானே தீட்டுவோம்? அதே பழக்கத்தில் வட்ட டிப்பின் சரிவைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். முக்கால் மணி நேரம் போனது. வட்டம் கெட்டுப் பட்டை பட்டையாக முகங்கள் விழுந்தன. கட்டையில் வைத்தால் ஒவ்வொரு முகமும் தனித்தனிக் கோடு போட்டது. அந்த டிப்பும் போயிற்று.

தேய்க்க வேண்டியது மேல்முகத்தை. ஸ்க்ரூவின் தலை தெரிகிற தட்டையான பக்கம். மேல்முகமும் சரிவும் சந்திக்கும் இடம்தான் வெட்டும் விளிம்பு. மழுங்கல் என்பது அந்தச் சந்திப்பு உருண்டுபோவது. மேல்முகத்தைச் சமமாக ஒரு துளி இறக்கினால் உருண்ட பகுதி போய், கீழே கெடாமல் இருக்கும் சரிவோடு புதுச் சந்திப்பு கிடைக்கிறது. வட்டம் வட்டமாகவே இருக்கும், சதுரத்துக்கு நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் கூராகும். இது விளங்கிய பிறகு வேலை சுலபமாகிவிட்டது.

மிச்சம் இருந்த சிக்கல் டிப்பைப் பிடிப்பது. 2.5 மில்லிமீட்டர் கனம்தான். ஈர விரலில் வழுக்கும். வழுக்கினால் விளிம்பு விரலைக் கீறும். ஆட்காட்டி விரலில் எனக்கு இரண்டு வெட்டு. கோபால்ட் இருப்பதால் டிப்பு காந்தத்தில் ஒட்டும், அதனால் பழைய ஸ்பீக்கர் காந்தத்தில் ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். பிளேட்டும் இரும்பு என்பதால் காந்தம் அதையும் சேர்த்து இழுத்து, நகர்த்தவே விடவில்லை. கடைசியில் லேத்திலேயே விடை கிடைத்தது. பூவரசில் 22 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு குமிழ் கடைந்து, அதன் அடியில் டிப்பின் துளைக்குள் இறுக்கமாகப் போகிற மாதிரி ஒன்றரை மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு மூக்கு விட்டேன். குமிழின் அடியில் இருபக்க டேப். டிப்பின் கீழ்ப்பக்கம் அதில் உட்காரும், மேல்முகம் பிளேட்டைப் பார்க்கும். இந்த முயற்சி முழுவதிலும் எனக்கு அதிகம் பிடித்த பொருள் இந்தக் குமிழ்தான். மூன்று விரலால் பிடித்தால் அழுத்தம் ஒரே சமமாக இறங்குகிறது.

இப்போது செய்கிற முறையைச் சொல்கிறேன். கொட்டகைக்கு வெளியே, வேப்பமரத்தடியில் ஒரு மேசை. அதன் மேல் பிளாஸ்டிக் தட்டு, தட்டுக்குள் வழுக்காமல் இருக்க நனைத்த சைக்கிள் டியூப் துண்டு, அதன் மேல் பிளேட். கழற்றும் முன் ஸ்க்ரூவின் குழியில் அடைந்திருக்கும் தூளைக் குண்டூசியால் நோண்டி எடுப்பேன்; இல்லாவிட்டால் ஆலன் கீ வழுக்கிக் குழி உருண்டுவிடும். டிப்பை டர்பன்டைனில் பத்து நிமிஷம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்ப்பேன். பலா கடைந்த டிப்பாக இருந்தால் பிசின் பழுப்பாக ஒட்டியிருக்கும். அதோடு தேய்த்தால் பிளேட் அடைத்துக்கொள்ளும். முதல் டிப்பில் இதைச் செய்யாமல் 600 பிளேட்டின் நடுப்பகுதியை அடைத்துவிட்டேன்.

காய்ந்தபின் மேல்முகம் முழுவதும் கறுப்பு மார்க்கர் பூசுவேன். பிளேட்டில் தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப். நைட்ரைல் கையுறை. குமிழைப் பிடித்து எட்டு வடிவத்தில், பேனா பிடிக்கும் அழுத்தம் போதும், நாற்பது சுற்று. நிறுத்திப் பார்த்தால் மார்க்கர் எங்கே போயிருக்கிறது, எங்கே மிச்சம் என்று தெரியும். விளிம்போரம் கறுப்பு மிச்சமிருந்தால் இன்னும் வேலை இருக்கிறது. அழுத்தித் தேய்த்தால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும். அப்படிச் செய்தால் பிளேட்டின் வைரத்துகள்தான் உதிரும். என் 400 பிளேட் அப்படித்தான் வழவழத்துப்போனது. கறுப்பு முழுக்கப் போகும்வரை 600-ல், அப்புறம் 1000-ல் நூறு சுற்று. பிளேட் காயவே கூடாது. சாம்பல் நிறக் குழம்பு சேரச் சேர மேலும் தண்ணீர் விடுவேன்.

பரிசோதனைக்கு 150 ரூபாய் நகைக்கடை லென்ஸ், பத்து மடங்கு. வெயிலில் விளிம்பை நேராகப் பார்த்தால், மழுங்கிய இடம் வெள்ளி நூல் மாதிரி மின்னும். கூர்மையான இடம் வெளிச்சத்தைத் திருப்பாது, ஒன்றும் தெரியாது. வெள்ளி நூல் முழுக்க மறையும்வரை விடுவதில்லை. ஒரு டிப்புக்கு இருபது இருபத்தைந்து நிமிஷம் ஆகிறது. வெர்னியர் அளவுகோலில் கனத்தை அளந்தேன்: 2.50 இருந்தது 2.48 ஆனது. வெர்னியர் காட்டுகிற மிகச் சிறிய வித்தியாசமே அவ்வளவுதான். ஒரு டிப்பை எத்தனையோ முறை தீட்டலாம்.

முடிந்ததும் குழம்பைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ ஊற்றுவதில்லை. எங்கள் வாய்க்கால் நேராக நடவு வயலுக்குப் போகிறது. ஈரமாக இருக்கும்வரை அது குழம்பு. காய்ந்தால் அதே பழைய தூசிதான். அதனால் காயும் முன்பே செய்தித்தாளால் ஒற்றி எடுத்து, கையுறையோடு சேர்த்துக் கவரில் கட்டி ஒரு பெயிண்ட் டப்பாவில் மூடி வைப்பேன். எரிப்பதும் இல்லை. டப்பா நிறைந்ததும் பட்டுக்கோட்டை அண்ணனின் பட்டறைக் கழிவோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறேன். தட்டு, பிளேட், சட்டை எல்லாம் இந்த வேலைக்கென்றே தனி. அடுக்களைப் பாத்திரம் எதையும் இதில் தொடுவதில்லை. சட்டையும் வீட்டுத் துணியோடு துவைக்கப் போகாது.

திரும்ப மாட்டும்போதும் ஒரு கவனம். இருக்கையில் ஒரு தூள் இருந்தாலும் டிப்பு அதன் மேல் தொங்கும். ஸ்க்ரூவை இறுக்கினால் அங்கேயே விரியும். புது டிப்பு ஒன்று அப்படிப் போனதுண்டு. இருக்கையைத் துணியால் துடைத்து, ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தை விரலால் பிடித்து, இறுக்கம் தெரிந்ததும் நிறுத்திவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மாட்டியது அப்படித் தீட்டிய முதல் வட்ட டிப்பு. 900 ஆர்பிஎம், உளி தரைக்குச் சமமாக, விளிம்பு கட்டையின் மைய உயரத்தில். தென்னையில் நீளச் சுருள் வராது, நகக்கண் அளவுச் சீவல்தான் வரும், அது வந்தது. கிண்ணத்தின் முகப்பில் நார் பிய்ந்து சிலாம்பு எழும்பும் இடத்தைத் தடவினேன், கையில் குத்தவில்லை. உப்புத்தாளை 80-க்குப் பதில் 150-லிருந்து ஆரம்பிக்க முடிந்தது. அதன் பிறகு பூவரசுத் துண்டு ஒன்றை வைத்துப் பார்த்தேன், ரிப்பன் மாதிரி தோளுக்கு மேலே பறந்தது. புது டிப்பு தென்னையில் ஆறு கிண்ணம் வரை தாங்கும். தீட்டியது நான்கு முடித்து ஐந்தாவதில் தூள் கக்க ஆரம்பித்தது. புதுசுக்கு இணை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முடிவுச் சீவல் ஒன்றிரண்டுக்கு மட்டும் புது டிப்பை வைத்துக்கொண்டு, கரடுமுரடு வேலையெல்லாம் தீட்டியதில் செய்தால் வருஷத்துக்கு இரண்டு புது டிப்பு போதும் என்று நினைக்கிறேன்.

எல்லா டிப்புக்கும் இது ஒத்துவராது. மேல்முகத்தில் பள்ளம் உள்ளதையும், மேலேயும் ஒரு சரிவு வைத்ததையும் தட்டையாகத் தேய்த்தால் அதன் வடிவமே போய்விடும். மேல்முகம் முழுக்கத் தட்டையாக இருப்பதற்கு மட்டும்தான் இந்த முறை.

ஆன செலவு: பிளேட் 960, லென்ஸ் 150, கையுறை ஒரு பெட்டி 350, வீணாய்ப்போன பச்சைக் கல் 520. மறுபடி ஆரம்பித்தால் 400 பிளேட் வாங்க மாட்டேன். ஓரம் உடைந்த டிப்புக்கு மட்டுமே அது உதவும், அதற்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தக் காசில் 600 பிளேட்டையே 8 அங்குலமாக வாங்குவேன்; குமிழை வைத்துச் சுழற்ற 2 அங்குல அகலம் நெருக்கடியாக இருக்கிறது. இன்னொன்று, டிப்பு முழுக்க மழுங்கும்வரை காத்திருக்க மாட்டேன். இரண்டு கிண்ணத்துக்கு ஒரு முறை 1000-ல் முப்பது சுற்று தேய்த்தால் 600-க்குப் போகவே வேண்டாம் என்று தோன்றுகிறது. அடுத்த மாதம் பார்த்துவிட்டு நோட்டில் குறிப்பேன்.

டப்பாவிலிருந்த ஏழில் வட்டம் கெட்டது ஒன்று, பச்சைக் கல்லில் பல்லானது மூன்று. இவற்றைப் பழைய கார்பைடு வாங்குகிறவருக்குக் கொடுக்கலாம், எடைக்கு நல்ல விலை உண்டு. மற்ற மூன்றும் இப்போது கூராக, பஞ்சு வைத்த தீப்பெட்டியில் இருக்கின்றன. வெல்டர் செய்த உளியின் விரிசல் டிப்பைக் கழற்றி வேறு டிப்பு பற்றவைக்கப் பட்டுக்கோட்டையில் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.